வீடு தேடிப் போகும் செயல்முறை சிகிச்சை உதவியாளர்: நம் பெண்களுக்கு ஒரு வேலை, ஒரு பொறுப்பு



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "மேடம், வீடு வீடாப் போய் தெரபி குடுக்கிற உதவியாளர் வேலைக்குப் பொம்பளைங்கள எடுக்கிறாங்களாமே, அது நர்சு வேலையா, ஆயா வேலையா? பன்னெண்டாவது படிச்சவ போகலாமா?" பக்கத்தில் இருந்த இன்னொருவர், "கை கால் விழுந்தவங்களுக்கு எண்ணெய் போட்டு நீவி விடுறதுதானே, அதுக்கு எதுக்குப் படிப்பு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதிலை அன்றைக்கே முழுதாகச் சொல்ல நேரம் இல்லை. அதனால் இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

முதலில் ஒரு வீட்டுக் கதை

கல்லல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. பெயரும் ஊரும் வேண்டாம். அந்த அக்காவே, "எல்லாருக்கும் சொல்லு பிள்ள, பேரை மட்டும் விட்டுரு" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. குழுவில் பிரதிநிதி. வங்கிக்குப் போவது, கையெழுத்துப் போடுவது, சேமிப்பை எண்ணிச் சரிபார்ப்பது எல்லாம் அவர்தான். வீட்டில் பனை ஓலைக் கொட்டான் முடைவார். கணவர் கல்யாணச் சமையல் வேலைக்கு வெளியூர் போய்விடுவார். ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பு.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை, "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். ஒருநாள் காலை கோலம் போடக் குனிந்தவருக்கு வாய் கோணியது, வலது கை தொங்கியது, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் பிழைத்தார். வீடு திரும்பியபோது வலது கையும் காலும் பலம் இல்லாமல் இருந்தன.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஊட்டி விட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டினாள், கொல்லைக்குத் தூக்கிப் போனாள். குழுவும் சும்மா இருக்கவில்லை. "பாவம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று பிரதிநிதி பொறுப்பை வேறொருவருக்கு மாற்றித் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை எழுதச் சொன்னவளே நான்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குழறிய பேச்சில் மெதுவாகச் சொன்னார்: "கை போனது கூடப் பரவாயில்ல பிள்ள. நோட்டையும் வாங்கிட்டீங்களே."

எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள்தான் நான். அந்தப் படிப்பில் தெரியாத ஒரு பாடம் அன்றைக்கு அந்த வீட்டில் தெரிந்தது. நோய் ஒருவரின் கையை எடுத்தது. அவர் செய்துகொண்டிருந்த வேலைகளை எடுத்தது நாங்கள்.

செயல்முறை சிகிச்சை என்றால் என்ன?

ஆஸ்பத்திரியில் இதை ஆக்குபேஷனல் தெரபி என்று சொல்வார்கள், சுருக்கமாக ஓ.டி. ஆபரேஷன் அறையையும் ஓ.டி. என்பதால் பலருக்குக் குழப்பம் வரும். இது அது இல்லை. தமிழில் செயல்முறை சிகிச்சை என்கிறோம்.

மனிதர் தினம் என்னென்ன செய்கிறார்? எழுந்திருக்கிறார், பல் விளக்குகிறார், கழிப்பறைக்குப் போகிறார், குளிக்கிறார், உடுத்துகிறார், சமைக்கிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பார்க்கிறார், கோயிலுக்குப் போகிறார், குழுக் கூட்டத்தில் உட்காருகிறார். நோயாலோ விபத்தாலோ பிறவிக் குறையாலோ முதுமையாலோ இவற்றில் ஏதாவது முடியாமல் போனால், அதை மறுபடி செய்ய வைப்பதுதான் செயல்முறை சிகிச்சை. அதற்கு மூன்று வழி உண்டு:

1. ஆளைப் பழக்குவது. பலம் வரும் அளவுக்குப் பயிற்சி கொடுப்பது, இடது கையால் செய்யக் கற்றுக் கொடுப்பது.
2. செய்யும் முறையை மாற்றுவது. நின்று செய்ததை உட்கார்ந்து செய்வது, ஒரே மூச்சில் செய்ததை இடையிடையே ஓய்வெடுத்துச் செய்வது.
3. இடத்தையும் பொருளையும் மாற்றுவது. படிக்குப் பக்கத்தில் பிடிமானம், கரண்டிக்குத் தடித்த பிடி, கழிப்பறையில் உயரமான இருக்கை.

இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, பெரும்பாலும் உடம்பின் அசைவையும் பலத்தையும் நடையையும் பார்க்கும். செயல்முறை சிகிச்சை அந்த அசைவை வைத்து என்ன வேலை செய்ய முடியும் என்று பார்க்கும். இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

இது எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்குப் பள்ளி தொடங்கியவர் ஒரு பெண். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர், 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸை நாம் மறக்கக் கூடாது. 1954இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு மையம் உருவானதற்கு அவரே முக்கியக் காரணம். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்களுக்கு இன்னும் பக்கத்தில் உள்ள உதாரணம் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கல்லூரி மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரி தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தவர். 1981இல், உலக ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்த அதே ஆண்டில், சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அங்கே கிராம அளவில் சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டுக்கே போய், தாய்க்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். சிகிச்சை நிபுணர்கள் அந்தப் பதிவைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறார்கள். நிபுணர் ஒருவர் தினம் பத்து ஊருக்குப் போக முடியாது. ஊருக்குள்ளேயே இருக்கும் பயிற்சி பெற்ற பெண் போக முடியும். உதவியாளர் என்ற வேலையின் அடிப்படையே இதுதான்.

அரசுப் பக்கத்திலும் கதவு திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுப்பதோடு, இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உலக வங்கி உதவியோடு நடத்தும் உரிமைகள் திட்டத்தில், விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அங்கே செயல்முறை சிகிச்சையும் உண்டு.

உதவியாளர் என்ன செய்வார்?

நிபுணர் ஆளைச் சோதித்துத் திட்டம் போடுவார். உதவியாளர் அந்தத் திட்டத்தை வீட்டில் நடத்திக் காட்டுவார், வீட்டாருக்குக் கற்றுக் கொடுப்பார், நடந்ததை எழுதி நிபுணரிடம் சொல்வார். உதவியாளராகத் திட்டத்தை மாற்றக் கூடாது. சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்க வேண்டும்.

வேலையின் முதல் பாடம் கேள்வி கேட்பது. "என்ன நோய்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். உதவியாளர் கேட்க வேண்டியது, "உங்களுக்கு எதைத் திரும்பச் செய்யணும்னு ஆசை?" என்பது. வீட்டாரைக் கேட்பதற்கு முன்னால் அவரைக் கேட்க வேண்டும். பேச முடியாதவராக இருந்தால் படத்தைக் காட்டி, பொருளைக் காட்டிக் கேட்கலாம். பதில் வர நேரம் ஆகும். காத்திருக்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது பாடம் பார்ப்பது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவர் போகும் வழியில் நாமும் நடந்து பார்க்க வேண்டும். எங்கே படி, எங்கே வழுக்கல், எங்கே இருட்டு, எதைப் பிடிக்கிறார் என்று நோட்டில் குறிக்க வேண்டும்.

அந்த அக்கா வீட்டில் என்ன நடந்தது?

காரைக்குடியிலிருந்து மாதம் இரண்டு முறை ஒரு செயல்முறை சிகிச்சையாளர் வந்தார். அவருடன் நம் கூட்டமைப்புத் தன்னார்வலப் பெண் ஒருத்தி உதவியாளராகப் பழகினாள். வாரம் மூன்று நாள் அவள் மட்டும் போவாள்.

முதல் நாள் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நாங்கள் எல்லோரும் "நடக்கணும்" என்று அக்கா சொல்வார் என நினைத்தோம். அக்கா சொன்னது வேறு: "ராத்திரி நானே கொல்லைக்குப் போகணும். மகளை எழுப்பக் கூடாது. அவ பள்ளிக்கூடம் போகணும்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "கையெழுத்துப் போடணும்."

திட்டம் இந்த இரண்டையும் வைத்தே போடப்பட்டது.

கட்டில் தாழ்வாக இருந்தது. எழ முடியவில்லை. கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள், உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும் அளவுக்கு மட்டும். உள்ளூர்த் தச்சர் கட்டிலோரத்தில் ஒரு பிடிமானம் அடித்தார்.

நம் ஊர் வீடுகளில் நிலைப்படி உயரம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைத்தால் 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. 6 அங்குல நிலைப்படிக்கு 6 அடி பலகை போடலாம். ஆனால் 2 அடித் திண்ணைக்கு 24 அடி வேண்டும், எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? அக்கா பிடித்துக்கொண்டு நடக்கக் கூடியவர் என்பதால், நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் பாதி உயரத்தில் ஒரு அகலப் படி கட்டி, இடது கைக்கு எட்டும் இடத்தில் இரும்புக் குழாய் பதித்தார்கள். திரும்பி வரும்போது இடது கை மறுபக்கம் மாறிவிடும் அல்லவா? அதனால் குழாய் இரண்டு பக்கமும் வைக்கப்பட்டது. இந்தக் கணக்கைச் சொன்னது நிபுணர் இல்லை, நம் உதவியாளர்ப் பெண். வழியில் நடந்து பார்த்தவள் அவள்தானே.

கழிப்பறையில் குந்த முடியாது. நடுவில் ஓட்டை உள்ள உறுதியான நாற்காலியைக் கோப்பைக்கு மேலே வைத்தார்கள். வழியில் ஒரு சிறிய இரவு விளக்கு.

பிறகு பழக்கம். கட்டிலில் திரும்புவது, எழுந்து உட்காருவது, நிற்பது, நாலு அடி, எட்டு அடி. முதலில் பகலில் ஆள் துணையோடு. பிறகு ஆள் பக்கத்தில் நிற்க, தொடாமல். நிபுணர் வந்து சோதித்து, சரி என்று சொன்ன பிறகுதான் ராத்திரியில் தனியாக. இதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. ஒருநாள் காலை மகள் அலறிக்கொண்டு எழுந்தாளாம், "அம்மா, என்னை ஏன் எழுப்பல?" அக்கா, "போயிட்டு வந்துட்டேன்டி, தூங்கு" என்றாராம்.

அந்த மாதமே மகள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

கையெழுத்துக்குத் தனிப் பயிற்சி. பென்சிலில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடியாக்கி, நோட்டு நகராமல் இருக்க அதன் மேல் கனமான ஒரு கட்டையை வைத்து, இடது கையால் எழுதினார். முதலில் கோடு, பிறகு கோலப் புள்ளி, பிறகு பெயர். வங்கியில் மாதிரிக் கையெழுத்தை மாற்ற எழுதிக் கொடுத்தோம். கையெழுத்தே போட முடியாதவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல, அதில் ஒருவர் பொறுப்பான வங்கி ஊழியராக இருக்க, கட்டைவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கொட்டான் முடைய இரண்டு கை வேண்டும். வலது கை அந்த அளவுக்குத் திரும்பவில்லை. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இப்போது ஓலையைத் தரம் பிரிக்கிறார், சாயத்துக்கு அளவு சொல்கிறார், கணக்கு எழுதுகிறார். பழைய தீர்மானத்தை ரத்து செய்து குழு அவரையே மறுபடி பிரதிநிதி ஆக்கியது. இந்த முறை தீர்மானத்தை எழுதியவர் அக்காதான், இடது கையால். ஒரு பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.

வீட்டில் சொல்லிக் கொடுக்கும் சில முறைகள்

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லித் தரும் முறைகள் இவை. ஒவ்வொருவர் நிலையும் வேறு என்பதால் நிபுணர் ஒருமுறை பார்த்த பிறகே தொடங்குங்கள்.

உடுத்தும்போது: ரவிக்கையை முதலில் பலம் குறைந்த கையில் மாட்ட வேண்டும். கழற்றும்போது முதலில் நல்ல கையை எடுக்க வேண்டும். ஊக்குக்குப் பதில் ஒட்டுப் பட்டி தைத்தால் ஒற்றைக் கையால் போடலாம்.

படி ஏறும்போது: ஏறுகையில் நல்ல கால் முதலில், இறங்குகையில் பலம் குறைந்த கால் முதலில். கைத்தடி நல்ல கையில் இருக்க வேண்டும்.

சாப்பிடும்போது: நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். தட்டுக்கு அடியில் ஈரத் துணி விரித்தால் நகராது. கரண்டிப் பிடியில் துணி சுற்றினால் பிடிக்க வசதி.

சமைக்கும்போது: தரையில் அரிவாள்மனை வேண்டாம். மேசை உயரத்தில் ஒரு பலகை, அதில் துருப்பிடிக்காத இரண்டு ஆணியைக் கீழிருந்து மேலே அடித்து, அதில் காயைக் குத்தி வைத்தால் ஒரு கையால் நறுக்கலாம். வேலை முடிந்ததும் ஆணி முனையில் தக்கை செருகி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவருக்கு: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இடுப்புக்குக் கீழே, குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை இங்கெல்லாம் தினம் பாருங்கள். சிவந்து இருந்து, அழுத்தாமல் விட்ட பிறகும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். கருத்த தோலில் சிவப்புத் தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில்

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் நடந்தான்" என்று அப்பத்தா சொல்வார். சில சமயம் அது சரி. ஆனால் 5 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, 9 மாதம் ஆகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, உடம்பு விறைப்பாக இருக்கிறது என்றாலும் அப்படித்தான். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். மூளை வேகமாக வளரும் முதல் சில வருடங்களில் செய்யும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

குழந்தைக்குப் பயிற்சி என்பது விளையாட்டுதான். சுவர் மூலையில் சாய்த்து உட்கார வைப்பது, எட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் கிலுகிலுப்பையை வைப்பது, குளிப்பாட்டும்போது கை கால் பெயர் சொல்வது. தாய்க்கு இன்னொரு வேலையைச் சுமத்தாமல், அவள் ஏற்கெனவே செய்யும் வேலைக்குள்ளேயே பயிற்சியைச் சேர்ப்பதுதான் நல்ல உதவியாளரின் கெட்டிக்காரத்தனம்.

செய்யக் கூடாதவை

1. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும். வலி வந்தால் பிறகு எந்தப் பயிற்சியும் நடக்காது.
2. "சுளுக்கு எடுக்கிறேன்" என்று பலமாக முறுக்க விடாதீர்கள்.
3. "மூணு மாசத்துல நடந்துருவீங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.
4. அவர் மெதுவாகச் செய்வதை அவசரப்பட்டுப் பிடுங்கிச் செய்யாதீர்கள். நாம் செய்தால் 2 நிமிடம், அவர் செய்தால் 20 நிமிடம். அந்த 20 நிமிடம்தான் சிகிச்சை.
5. ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் பேசாதீர்கள். குளிக்கும் இடம் வரை நம்மை நம்பி விடுகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் வேலை போனது.
6. தனியாக ஆளைத் தூக்கி உங்கள் இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இருவராகச் செய்யுங்கள், முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

உடனே தெரிவிக்க வேண்டியவை

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தொங்குதல், பேச்சுக் குழறுதல் மூன்றில் ஒன்று புதிதாக வந்தாலும் 108க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். ஊசி யாருக்குச் சரி என்பதை ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வீட்டில் கஷாயம் வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுதல், காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கீழே விழுதல், புதிய புண் இவற்றையும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். "செத்தாத் தேவலை" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதையும் நோயின் அறிகுறியாக எடுத்துச் சொல்லுங்கள், வெறும் புலம்பல் என்று விடாதீர்கள்.

இந்த வேலைக்குப் போக விரும்பும் தோழிகளுக்கு

செயல்முறை சிகிச்சையாளர் ஆக பிளஸ் டூவில் அறிவியல் படித்து, பிறகு பட்டப் படிப்பு முடிக்க வேண்டும். 2021இல் வந்த இணை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இது முறைப்படுத்தப்பட்ட தொழில். உங்கள் மகளுக்கு ஆர்வம் இருந்தால் இந்தப் படிப்பையும் யோசியுங்கள்.

உதவியாளர் வேலைக்கு அவ்வளவு படிப்பு வேண்டாம், ஆனால் பயிற்சி கட்டாயம் வேண்டும். இந்திய மறுவாழ்வுக் குழுமம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2021 மே மாதம் சமுதாய அளவிலான மறுவாழ்வுப் பணியாளர்களுக்கு 6 மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன், அந்த நிறுவனத்துக்குக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். "மூன்றே மாதத்தில் தெரபிஸ்ட் ஆகலாம்" என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்பவரை நம்பிக் குழுக் கடன் எடுத்துக் கட்டாதீர்கள். உதவியாளர் தன்னை டாக்டர், தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது.

வேலையில் சேரும் முன் ஐந்து கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? பஸ் செலவு உண்டா? எத்தனை வீடு, எத்தனை மணி நேரம்? என்னை மேற்பார்வை செய்யும் நிபுணர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? தனியாகப் போகப் பயமாக இருக்கும் வீட்டுக்குத் துணை உண்டா? இவை எழுத்தில் இருக்க வேண்டும். பெண்கள் செய்வதாலேயே இதைச் "சேவை" என்று சொல்லி இலவசமாக்கிவிடும் பழக்கம் உண்டு. மனதில் சேவை எண்ணம் இருக்கட்டும். கூலியும் கையில் வரட்டும்.

குழு என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்களை முகாமுக்கு அழைத்துப் போங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மனநோயும் அதில் உண்டு. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் நலிவு நிலை குறைப்பு நிதியிலிருந்து ஒரு பிடிமானம், ஒரு கழிப்பறை நாற்காலி வாங்க உதவ முடியுமா என்று பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடம்பு முடியாத உறுப்பினரைக் கூட்டத்திலிருந்து நீக்காதீர்கள். அவர் வர முடியாவிட்டால் கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையில் போடுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் உடல்நலக் காரணத்தால் பொறுப்பிலிருந்து விலகியவர் யார்? அவரிடம் கேட்டோமா, நாமே முடிவு செய்தோமா?
2. நம் ஊரில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை நிறுத்திய பெண்பிள்ளைகள் இருக்கிறார்களா?
3. நம் வீட்டுக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, வலது கையைக் கட்டிக்கொண்டு நாமே ஒருமுறை போய்ப் பார்ப்போமா? எங்கே சிரமம் வந்தது?
4. ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் கை தூக்குங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். நாளைக்கே போய் அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்ட தங்கைக்கு என் பதில்: இது நர்சு வேலையும் இல்லை, ஆயா வேலையும் இல்லை. ஒருவர் தன் வேலையைத் தானே செய்ய, பக்கத்தில் இருந்து கற்றுக் கொடுக்கும் வேலை. பன்னிரண்டாவது படித்த நீ தாராளமாகப் போகலாம் தங்கை. பொறுமை இருந்தால் வா, அடுத்த பயிற்சி வரும்போது உன் பெயரைத்தான் முதலில் எழுதுவேன்.

அடுத்த மாதம் வேறொரு பாடத்தோடு சந்திப்போம்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர், கல்லல்